வில்லனுக்கு இரண்டு பக்கம்

இதுவரை நூற்றுப் பதினேழு பேர். தேநீரில் விழுந்த எறும்பை ஆள்காட்டி விரல் நுனியில் ஏந்தி ஜன்னல் விளிம்பில் இறக்கி விடுகிறார். அது காலை உதறி நடக்க ஆரம்பிக்கும் வரை குனிந்து பார்த்துக்கொண்டே நிற்கிறார். "போ, போ, வீட்ல தேடப் போறாங்க" என்கிறார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, பேனா மூடியைக் கழற்றி, நூற்றுப் பதினெட்டாவது ஆளின் கழுத்தை நெரிக்க உட்காருகிறார்.

வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுவது அவர் தொழில். இருபத்தாறு வருடம், பதினாறு தொடர்கள். கொலைக் கணக்கு அவரே வைத்திருப்பது. பேட்டி எடுக்க வருபவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். தெருவில் அவருக்குப் பெயர் 'கொலைகாரர்'. அன்பாகத்தான். புதிதாக வரும் கூரியர்காரர் வழி கேட்டால், "கொலைகாரர் வீடா? ரெண்டாவது மாடி, செருப்பை வெளிய விட்டுட்டுப் போங்க" என்பார்கள்.

கொலைகாரருக்கு ரத்தம் ஆகாது. சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க விரலில் ஊசி குத்தியபோது பரிசோதனைக்கூடத்தின் பெஞ்சில் சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருந்தது. சண்டையும் ஆகாது. வரிசையில் யாராவது முன்னால் புகுந்தால், புகுந்தவருக்கு வசதியாக அரையடி பின்வாங்கிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து அதே ஆளை மூன்றாவது அத்தியாயத்தில் கிணற்றில் தள்ளுவார். தள்ளிய பிறகு நன்றாகத் தூங்குவார்.

மேஜையில் ஒரு செருப்புப் பெட்டி இருக்கிறது. பழைய அழைப்பிதழ்களைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் குறிப்பு எழுதி, தடுப்பு வைத்து அடுக்கியிருக்கிறார். கண், பல், நடை, குரல், தழும்பு. ரயிலில், வங்கியில், பல் மருத்துவர் வீட்டு வாசலில் பார்த்த மனிதர்களின் உதிரி பாகங்கள். திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு அத்தியாயம் போயாக வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை பெட்டி திறக்கும். ஒருவரின் மாறுகண்ணும் இன்னொருவரின் இழுத்து நடக்கும் காலும் ஒன்று சேர்ந்து ஒரு கயவன் பிறப்பான்.

பெட்டியில் நல்லவர்களுக்குத் தடுப்பு இல்லை.

"நல்லவனுக்கு எதுக்கு வர்ணனை?" என்பார். "ரெண்டு வரி போதும். நல்லவன் நம்மள மாதிரி இருப்பான். வில்லனுக்குத்தான் ரெண்டு பக்கம் வேணும்." அவருடைய பதினாறு கதாநாயகர்களும் நடுத்தர உயரம், களையான முகம். பதினாறு வில்லன்களும் வெளியூர். எந்த ஊர் என்று எழுதுவதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு அம்மா கிடையாது. தனியாகச் சாப்பிடுவார்கள். பேச்சில் ஏதோ ஒன்று இடிக்கும். முக்கியமாக, சிரித்தால் கண்ணுக்கு எட்டாது. கண்ணுக்கு எட்டாத சிரிப்பைப் பதினாறு பேருக்கும் அவர் மாற்றாமல் கொடுத்திருக்கிறார்.

மனைவி அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு நர்ஸ். கதைக்குத் தேவையான மருத்துவ ஆலோசனை எல்லாம் அவரிடமிருந்துதான்.

"ஏம்மா, பின்மண்டையில பலமா அடிச்சா எவ்வளவு நேரத்துல நினைவு போகும்?"

"துணி காயப்போட்டுட்டிருக்கேன். இங்க வாங்க, அடிச்சுக் காட்டறேன்."

இன்னொரு சமயம், வாயில் துணிக் கிளிப்பைக் கவ்வியபடியே சொன்னார்: "இருபத்திரண்டு வருஷமா அந்த வார்டுல நிக்கறேன். குத்துப்பட்டவங்க, எரிஞ்சவங்க, மண்டை ஒடைஞ்சவங்க எல்லாரையும் பாத்தாச்சு. பஸ்ல வந்து எறங்கின ஒருத்தன் செஞ்சான்னு ஒரு கேஸ் வந்ததில்ல. செஞ்சவனே ஸ்ட்ரெச்சரைப் பிடிச்சுட்டு ஓடி வர்றான். புருஷன், அண்ணன், பக்கத்து வீட்டுக்காரன். 'எப்படியாவது காப்பாத்துங்க சிஸ்டர்'னு அழறவனும் அவன்தான்."

எழுத்தாளர் யோசித்தார். பேனாவைக்கூட எடுத்தார். பிறகு வைத்துவிட்டார். "அதைப் போட்டா யாரும்மா படிப்பா?"

இப்போது வந்துகொண்டிருக்கும் தொடரின் பெயர் 'இன்னொரு சாவி'. நாற்பது வாரத்துக்குத் திட்டம், பதினெட்டு வந்தாயிற்று. கள்ளச்சாவி போட்டு வீடு புகுந்து கொல்லும் ஒருவன்தான் வில்லன். இந்தத் தொடர் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை மாலை அவருக்குப் பெட்டியைக் கிளற நேரமில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

தெருமுனையில், மூடிக் கிடக்கும் அச்சகத்தின் படிக்கட்டில், சாவி போடுகிறவர் உட்கார்ந்திருந்தார். இடது கையில் பாதிக் கட்டைவிரல் இல்லை. கழுத்தில் பித்தளை வளையம், அதில் நூறு சாவியாவது இருக்கும். பக்கத்தில் கட்டம் போட்ட துணிப்பை. அரத்தைத் தேய்க்கும்போது ராகம் இல்லாமல் ஒரு விசில். பேச்சில் லேசாக வேறு ஏதோ ஊர். பெட்டியில் தேட வேண்டிய ஐந்து சீட்டும் ஒரே இடத்தில், வெயிலில் உட்கார்ந்திருந்தன. எழுத்தாளர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். கட்டைவிரல் போனது எப்படி என்பதுகூட அவருக்குத் தெரியும். பீரோ சாவி போடப் போயிருந்தபோது அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். சாவி தேய்க்கும் இயந்திரத்தின் தகடு வெட்டியது. கதையில் அது கொஞ்சம் மாறியது: சாகப்போகும் ஒரு பெண் கடைசி நொடியில் கதவை அறைந்து சாத்துகிறாள்.

சாவிக்காரர் அந்தப் படிக்கட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. தெருவில் பாதி வீடுகளின் கதவு அவர் சாவியில்தான் திறக்கிறது. ஆனாலும் அவர் இன்னும் 'புதுசா வந்தவர்'. எழுத்தாளர் இரண்டாவது மாடியை வாங்கி ஆறு வருடம். அவர் 'நம்ம தெரு எழுத்தாளர்'.

பத்திரிகை ஓவியர் குறிப்பு பிசகாமல் வரைந்திருந்தார். கட்டம் போட்ட பைகூட அதே கட்டம். படம் வந்த வியாழக்கிழமை மதியமே தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அது ஏறிவிட்டது. பக்கத்தில் சாவிக்காரரின் போட்டோ. கீழே ஒருவர், "யாருன்னு தெரியுதா?" மூன்று பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். நான்காவது ஆள் சிரிக்கவில்லை: "எங்க வீட்டு சாவியும் இவர்கிட்டதான் போட்டோம்." அங்கே ஆரம்பித்தது. அடுத்த வாரம் ஒருவர் பூட்டை மாற்றினார். அதற்கடுத்த வாரம் ஐந்து பேர். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் படிக்கட்டைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் போய் நடந்தார்கள். பத்தாவது அத்தியாயத்துக்குப் பிறகு சாவிக்காரரிடம் புதுச் சாவி போட யாரும் வரவில்லை. ஏற்கெனவே போட்ட சாவிகளின் நகல் வைத்திருக்கிறாரா என்று கேட்கத்தான் வந்தார்கள்.

போன செவ்வாய்க்கிழமை குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு தாளோடு எழுத்தாளர் வீட்டுக்கு வந்தார். படிக்கட்டில் இருக்கும் நபரை அப்புறப்படுத்தக் கோரி மனு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தீர்மானம்.

"முதல் கையெழுத்து உங்களோடதா இருந்தா நல்லாருக்கும் சார். அவனைப் பத்தி முழுசாத் தெரிஞ்சவர் நீங்கதான்."

"ஐயோ, அது கதைங்க."

"கதைதான், யார் இல்லேன்னா? ஆனா நீங்க சும்மா எழுதற ஆளா சார்? 'ஆராய்ச்சி பண்ணாம ஒரு வரி எழுத மாட்டேன்'னு பேட்டியில சொல்லியிருக்கீங்களே. என் வொய்ஃப் வெட்டி வெச்சிருக்கா."

எழுத்தாளர் திறந்த வாயை மூடினார். அந்த ஆளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் மனு கிழிந்துவிடும். பேட்டியும் கிழிந்துவிடும். "வெச்சுட்டுப் போங்க, படிச்சுப் பாக்கறேன்" என்றார். மனு நான்கு வரிதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மனைவி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது. சாவிக்காரர். வளையத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தார். இல்லாவிட்டால் மாடி ஏறும்போது சத்தம் கேட்டு எல்லாக் கதவும் திறக்கும். உட்காரச் சொன்னதற்கு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கோபமாக வரவில்லை என்பதுதான் எழுத்தாளருக்குச் சங்கடம். கோபக்காரனுக்கு அவர் பெட்டியில் முப்பது சீட்டு இருக்கிறது.

"சார், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க, கேளுங்க."

"நான் எப்ப சார் சாவேன்?"

எழுத்தாளருக்குப் புரியவில்லை.

"கதையில. கடைசியில சாவேன்தானே? செத்துட்டா முடிஞ்சுடும்னு என் பொண்ணு சொல்றா. 'கதை முடிஞ்சா மறந்துடுவாங்கப்பா'ங்கறா. அது எந்த வாரம்னு சொன்னீங்கன்னா அதுவரைக்கும் வேற எங்கயாவது ஒப்பேத்திக்குவேன்."

"அது வந்து... நாற்பதாவது அத்தியாயத்துல."

"இப்ப எத்தனை?"

"பதினெட்டு."

சாவிக்காரர் மனசுக்குள் கழித்துப் பார்த்தார். உதடு அசைந்தது. "கொஞ்சம் சீக்கிரம் போட முடியாதா சார்? எனக்கு எப்படின்னாலும் பரவால்ல. லாரியில அடிபட்டுக்கூட."

தேநீர் கொண்டுவந்த மனைவி தட்டை மேஜையில் வைத்த வேகத்தில் அதில் பாதி சிந்தியது. "ஏங்க, அந்தக் கட்டைவிரலை அடுத்த வாரம் ஒட்ட வெச்சுடுங்க. சாவி போட்டவன் ஒரு பாவப்பட்ட ஜீவன், கொன்னவன் ரெண்டாவது மாடியில குடியிருக்கற ஒரு பெரிய மனுஷன்னு எழுதுங்க. நடுத்தர உயரம், களையான முகம். அந்தக் கதைய நானே காசு குடுத்து வாங்கிப் படிக்கறேன்."

"விளையாடாத. அட்டைப் படம் வரைக்கும் போயாச்சு."

"நான் விளையாடறேனா?"

சாவிக்காரர் எழுந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது. "என்னை எந்திரிக்கச் சொன்னா எங்க சார் போவேன்? சாவித் தொழில்ல புது இடத்துல யார் நம்பிக் குடுப்பா? இங்க நம்பவே நாலு வருஷம் ஆச்சு." வாசலில் செருப்பை மாட்டியபடி சொன்னார்: "அன்னிக்கு வந்து உக்காந்து விரலைப் பத்திக் கேட்டீங்கல்ல? வீட்ல போய்ச் சொன்னேன். 'நம்மகிட்டயும் ஒரு பெரிய மனுஷன் உக்காந்து பேசினாரு'ன்னு."

அன்று மாலை எழுத்தாளர் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்தது உண்மை. இதைப் பதிவு செய்யாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும். வில்லனை அடுத்த மாதமே முடித்துவிடலாமா என்று கேட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"முடிக்கறதா?" என்றார் ஆசிரியர். "கடிதம் மூட்டை மூட்டையா வருது. நாற்பதை ஐம்பத்திரண்டாக்குங்க. அப்புறம், அந்த விசில் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணுங்க. பொம்பளைங்க ரொம்பப் பயப்படறாங்க."

"சரி" என்றார் எழுத்தாளர். அரையடி பின்வாங்கும்போது அவர் சொல்லும் அதே 'சரி'.

வெள்ளிக்கிழமை மதியம் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் அவருக்குப் பேச்சு. இரண்டு மாதத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டது. தலைப்பு 'இலக்கியத்தில் அந்நியர்'. நாற்பது நாற்காலி, முப்பத்தொரு பேர். நன்றாகப் பேசினார், அதில் சந்தேகமே வேண்டாம். நமக்குத் தெரியாதவனைப் பேயாக்குவதுதான் எல்லா வன்முறைக்கும் முதல் படி என்றார். மனித குலத்தின் போர்கள் எல்லாம் முதலில் கதைகளில் நடந்தவை என்றார். எழுத்தாளன் என்பவன் கதவைத் திறந்து வைக்க வேண்டியவன் என்றபோது குரல் உடைந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்வரிசையில் ஒருவரும் துடைத்தார்.

கேள்வி நேரத்தில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை எழுந்தார். "அப்படின்னா உங்க வில்லன் மட்டும் ஏன் சார் எப்பவும் பஸ்ஸுலேருந்து எறங்கறான்?"

சிறு சிரிப்பு எழுந்தது. எழுத்தாளரும் சிரித்தார். "அது ஒரு குறியீடும்மா" என்றார். ஆசிரியை உட்கார்ந்துவிட்டார். குறியீடு என்று சொன்ன பிறகு நாகரிகமான மனிதர்கள் மேற்கொண்டு கேட்பதில்லை.

நூலகத்தில் கொடுத்த கண்ணாடிக் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் சட்டைப்பை காலி என்று தெரிந்தது. கிளம்பும்போது பேச்சை ஒத்திகை பார்த்தபடியே வெளியே வந்து, இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் கதவை இழுத்துச் சாத்தியிருக்கிறார். சாவிக்கொத்து மேஜையில், காற்றுக்குப் பறக்காமல் இருக்க மனுவின் மேல் வைத்தபடியே இருக்கிறது. மணி மூன்று. மனைவி வர ஆறரை ஆகும், வார்டில் போனை எடுக்க மாட்டார். எழுத்தாளர் மாடிப்படியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு தெருமுனைக்குப் போனார்.

கதவு பூட்டிக்கொண்டது என்றதும் சாவிக்காரர் எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். முதல் மாடியைத் தாண்டும்போது ஒரு கதவு கீற்றாகத் திறந்து, உடனே மூடி, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. இரண்டு பேருக்கும் கேட்டது.

பூட்டின் முன் மண்டியிட்டு, இரண்டு கம்பிகளை உள்ளே விட்டு, காதைக் கதவில் வைத்தார். விசில் ஆரம்பித்தது. அந்த விசிலை ஏழு அத்தியாயங்களில் எழுதிய மனிதர் தன்னையறியாமல் கேடயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு படி கீழே இறங்கி நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிடம். கதவு திறந்தது.

திறந்ததும் சாவிக்காரர் எழுந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"என்னங்க?"

"நீங்க உள்ள போங்க சார். நாங்க தொறந்த வீட்டுக்குள்ள பாக்க மாட்டோம். எனக்குக் கத்துக்குடுத்தவர் போட்ட கண்டிஷன்." சுவரைப் பார்த்தபடியே கம்பிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். எவ்வளவு என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார். "காசு வேணாம் சார். ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு வார்த்தை. 'அது வேற, இந்த ஆளு வேற'ன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க."

"கண்டிப்பா, கண்டிப்பா" என்றார் எழுத்தாளர். கண் கலங்கியது. அதுவும் நிஜமான கலக்கம்தான்.

ஆறே முக்காலுக்கு மனைவி வந்து சாவியைப் போட்டார். அது உள்ளேயே போகவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு மணியை அடித்தார்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல்.

"கொலைகாரர் பொண்டாட்டி. தொறங்க."

கதவு நான்கு விரல் அகலம் திறந்து நின்றது. புதுச் சங்கிலி. அதற்குக் கீழே புதுப் பூட்டு. மரத்தூள் இன்னும் தரையில் கிடந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் இரும்புக்கடையிலிருந்து ஆள் வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். எழுத்தாளர் சங்கிலியைக் கழற்றி வழிவிட்டார். "பழசு ரொம்ப லூஸா இருந்துச்சும்மா" என்றார்.

மனைவி பையை மேஜையில் வைத்தார். அங்கே மனு கிடந்தது, குப்புற. கையெழுத்து இல்லை. ஆனால் அதன் முதுகுப் பக்கம் காலியாக இல்லை. சீட்டு கைக்கு எட்டாத அவசரத்தில் அதிலேயே குறிப்பு எடுத்திருந்தார். 'நான்கு நிமிடம். மண்டியிடுகிறான். காதைக் கதவில் வைத்துக் கேட்கிறான், வீடு மூச்சு விடுவதைக் கேட்பது போல.' அடியில் இரண்டு கோடு. முதுகைக் காட்டித் திரும்பி நின்றது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

மனைவி இரண்டு தடவை படித்தார். "தொறந்து விட்டவர் அவர்தானா?"

"ம்."

"ஞாயித்துக்கிழமை என்ன சொல்லப் போறீங்க?"

எழுத்தாளர் வாசலுக்குப் போனார். சங்கிலியை அதன் பள்ளத்தில் மாட்டி, பிடிக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

கூட்டம் காலை பத்து மணிக்கு. அத்தியாயம் போக வேண்டியது மறுநாள் பதினோரு மணிக்கு.